சகுணா கைமாறி வந்த கதை

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபோனது 1937-இல். அதற்குச் சரியாக ஐம்பது வருஷம் முன்பு, கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்த காலத்தில், அது நடத்திய ஆங்கில மாத இதழில் ஒரு தொடர்கதை ஆரம்பமானது. இதழுக்கு அப்போது நாலு வயதுதான். படித்த ஆண்கள் எழுதி, படித்த ஆண்கள் வாசித்த இதழ் அது. கல்வி, சமயம், தத்துவம், சீர்திருத்தம் என்று கனமான கட்டுரைகளுக்கு நடுவே, மராட்டிய கிறிஸ்தவக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி தன் கதையைச் சொல்லத் தொடங்கினாள். அண்ணன்மார் பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டே கற்றுக்கொண்ட பெண். புத்தகமும் கையுமாக இருந்தால் ‘உனக்கு எதற்கு இதெல்லாம்’ என்று அம்மாவிடம் திட்டு வாங்கிய பெண். பெயர் சகுணா. எழுதியவர் கிருபாபாய் சத்தியநாதன். அப்போது அவருக்கு வயது 25.

இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் தன்வரலாற்று நாவல் என்று இன்று பாடத்திட்டங்களில் சொல்கிறார்கள். 1887-இல் அதை வாசித்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது. ஒரு கல்வியாளரின் மனைவி எழுதிய, சுவையான, கொஞ்சம் துணிச்சலான கதை, மாதாமாதம் வருகிறது, அவ்வளவுதான். 1888 வரை அது வந்தது.

அந்த 1887 எப்படிப்பட்ட வருஷம் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பிப்ரவரியில், பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் வாங்கிவந்த ஆனந்திபாய் ஜோஷி, புனாவில் ஒரு நோயாளியைக்கூடத் தன் பொறுப்பில் எடுத்துப் பார்ப்பதற்கு முன்னே, 21 வயதில் காசநோயால் இறந்தார். மார்ச்சில், சிறுவயதில் தாலி கட்டிய புருஷனோடு போய் வாழ மாட்டேன் என்று நின்ற ருக்மாபாயைப் பார்த்து, ‘போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறைக்குப் போ’ என்றது பம்பாய் நீதிமன்றம். சிறைக்கே போகிறேன் என்றார் அவர். அதே ஆண்டில் பண்டித ராமாபாய், உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றிய தன் ஆங்கில நூலை அமெரிக்காவில் வெளியிட்டார். மூவரும் மராட்டிய மண்ணோடு சேர்ந்தவர்கள். நம் பக்கத்தில், மாயூரம் வேதநாயகம் பிள்ளை ‘சுகுணசுந்தரி’யை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். பெண் படிக்கலாமா, படித்தால் என்ன ஆவாள் என்பதைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். படிக்க ஆசைப்பட்ட பெண்ணே வாய் திறந்து, உள்ளே எப்படி இருந்தது என்று ஒரு நாவலின் நீளத்துக்குச் சொன்னது சகுணாவில்தான்.

மராட்டியச் சிறுமியின் கதை சென்னையில் ஏன் பிறந்தது? கிருபாபாய் பிறந்தது 1862-இல், அகமத்நகரில். அப்பா ஹரிபந்த், அம்மா ராதாபாய். பிராமணர்களாக இருந்து கிறிஸ்தவரானவர்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். வளர்த்து, படிக்கவைத்து, பெரிய யோசனைகளைத் தலையில் ஏற்றியவர் மூத்த அண்ணன் பாஸ்கர். அவரும் இளம் வயதிலேயே இறந்தார். பம்பாயில் மிஷன் விடுதிப் பள்ளியில் சேர்ந்த கிருபாபாய்க்கு அங்கே ஓர் அமெரிக்கப் பெண் மருத்துவரின் பழக்கம் கிடைத்தது. நாமும் மருத்துவம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வேர்விட்டது. இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்று ஏற்பாடு நடந்தது. உடம்பு தாங்காது என்று அது கைவிடப்பட்டது.

அப்போது இந்தியாவில் பெண்கள் மருத்துவம் படிக்கக் கதவு திறந்திருந்த இடம் சென்னை. 1875-இல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டிருந்தது. பம்பாயின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. ஆகவே 1878-இல், பதினாறு வயதில், மொழி தெரியாத ஊருக்கு ரயிலேறி வந்தார் கிருபாபாய். தங்கியது சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்துப் போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதன் வீட்டில்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. போதகர் சத்தியநாதன் நெல்லைச் சீமையில் திருவேங்கடமாகப் பிறந்து, பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்துக் கிறிஸ்தவரானவர். அவருடைய மனைவி அன்னா, ஜான் தேவசகாயம் ஐயரின் மகள்; பெண்கள் தெருவுக்கு வராத வீடுகளுக்குத் தானே போய் எழுத்து சொல்லிக்கொடுத்தவர், சென்னையில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தியவர், ‘நல்ல தாய்’ என்று தமிழில் குழந்தை வளர்ப்பைப் பற்றி நூல் எழுதியவர். மகன் சாமுவேல் கேம்பிரிட்ஜில் படித்தவர். பிற்பாடு சென்னை மாகாணக் கல்வி வரலாற்றை எழுதியவர். படிப்பே தொழிலாகவும் பக்தியாகவும் இருந்த வீடு. நாவலில் சகுணாவுக்குச் சென்னையில் கிடைக்கும் ஆறுதல் வெறும் கற்பனையாக இல்லாததற்கு இந்த வீடு ஒரு காரணம்.

மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் நன்றாகத் தேறினார். அதோடு சரி. உடம்பு ஒடிந்துபோய், படிப்பை விட்டுவிட்டு, புனாவில் அக்கா வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. மருத்துவம் கைநழுவியதால்தானே நாவல் கிடைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. அந்தப் பெண் கேட்டது மருத்துவம். பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த நாட்டில், ஆண் மருத்துவரைக் கூப்பிட வீட்டார் தயங்கிய காலத்தில், ஒரு பெண் மருத்துவராக இருப்பது எத்தனை பெரிய காரியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது கிடைக்காத வலி நாவலில் அப்படியே இருக்கிறது. அதை வாசகர் உணர்ந்தால் போதும், நன்மைக்குத்தான் என்று திருப்பிப் போட வேண்டாம்.

பிறகு சாமுவேலோடு திருமணம். அவர் உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். மலைக் காற்றில் உடம்பு கொஞ்சம் தேற, கிருபாபாய் சும்மா இருக்கவில்லை. முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கென்று ஊட்டியில் ஒரு பள்ளி தொடங்கினார். தோடர்கள் வாழும் மந்துக்குப் போய்வந்ததை உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். ‘ஓர் இந்தியப் பெண்’ என்று மட்டும் கையெழுத்திட்டு வந்த அந்தக் கட்டுரைகள்தான் அவருடைய எழுத்துப் பழக்கத்தின் தொடக்கம். சாமுவேலுக்கு ராஜமுந்திரிக்கு மாற்றல், கும்பகோணத்துக்கு மாற்றல் என்று ஊர் ஊராகப் பெட்டி கட்டிய வாழ்க்கை. நடுநடுவே படுக்கை. 1886 வாக்கில் சென்னைக்குத் திரும்பியதும் சகுணாவை எழுத உட்கார்ந்தார்.

தொடராக வந்ததன் தடம் நாவலில் நன்றாகவே தெரிகிறது. ஒரே மூச்சில் கட்டிய கதை போல அது ஓடவில்லை. ஒரு காட்சி, ஒரு சண்டை, ஒரு நீண்ட யோசனை என்று மாதத் தவணைக்கு ஏற்ற துண்டுகளாக வருகிறது. சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு அதில்தான் உயிர் இருக்கிறது. நோயோடு எழுதிய கை, சக்தி உள்ள நாளில் ஒரு காட்சியைப் பிடித்து முழுதாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

கதை சகுணாவிலிருந்து ஆரம்பிப்பதில்லை என்பதும் முக்கியம். முதலில் வருவது அம்மா ராதாவின் கதை. சிறுமியாக மணமாகி, மாமியார் வீட்டில் அடங்கி ஒடுங்கி வளர்ந்த பெண். புருஷன் ஹரிசந்திரா கிறிஸ்தவராகிவிடுகிறார். அந்தச் செய்தி ராதாவுக்கு இடி. அப்போது அவள் மதம் மாறவில்லை. மாற விரும்பவும் இல்லை. ஆனால் புருஷன் போன இடத்துக்கு மனைவி போக வேண்டும். தீட்டு என்று அவள் நம்பிய வீட்டுக்குள்ளேயே அவள் வாழ வேண்டியிருக்கிறது. சத்தியம் புருஷனுக்குப் புலப்பட்டது. அதற்கு விலை கொடுத்தது மனைவி. கிருபாபாய் உறுதியான கிறிஸ்தவர், தந்தையின் மதமாற்றத்தைப் பெருமையாகவே சொல்கிறார். ஆனாலும் அம்மாவின் கண்ணீரை அவர் மறைக்கவில்லை. பிறந்த வீடு, தெய்வம், உறவு எல்லாம் ஒரே நாளில் பிடுங்கப்பட்ட பெண்ணின் பயத்தை, அவள் பக்கத்தில் நின்று எழுதுகிறார். மிஷன் ஆதரவில் வந்த எழுத்துகளில் நான் இதை அதிகம் கண்டதில்லை.

இதே ராதாதான் பின்னால் மகளிடம் புத்தகத்தை வை, அடுப்படிக்கு வா என்கிறாள். அவளைக் கொடுமைக்காரியாக்கிவிட ஆங்கில வாசகர்கள் ஆசைப்பட்டிருப்பார்கள். நாவல் அதற்கு இடம் தரவில்லை. ஒரு வாழ்க்கையில் அனைத்தையும் இழந்து, இன்னொரு வாழ்க்கையில் எப்படியோ காலூன்றியவள். மகளும் அப்படி அந்தரத்தில் நிற்கக் கூடாதே என்ற பதைப்பு அவளுக்கு. படிக்கத் துடிக்கும் மகளையும் தடுக்கும் தாயையும் ஒரே பரிவோடு எழுதுவது கடினம். 25 வயதில் கிருபாபாய் அதைச் செய்திருக்கிறார்.

இன்னொரு இடம். படிப்பு சொல்லித்தர வரும் வெள்ளைக்கார மிஷனரிப் பெண்களிடம் சகுணா படும் அவமானம். அவர்களுக்கு அவள் ஒரு ‘நேட்டிவ்’ பெண், கருணைக்குரியவள், தங்களுக்குச் சமமாக நாற்காலியில் உட்காரக்கூடியவள் இல்லை. அவள் வாதாடுகிறாள், கோபப்படுகிறாள், சில நேரம் வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிறாள். அண்ணன் பாஸ்கர் சொல்லிவைத்தது நெஞ்சில் இருக்கிறது: யார் முன்னாலும் குனியாதே, உன் தேசத்தைப் பற்றி வெட்கப்படாதே. அந்த அத்தியாயங்கள் ஒரு மிஷன் கல்லூரி நடத்திய இதழிலேயே அச்சானதை நினைத்துப் பார்க்கிறேன். ஆசிரியர் குழுவுக்கும் அதில் பெருமை உண்டு.

தொடர் முடிந்த பிறகு கிருபாபாயின் வீட்டில் சாவு மேல் சாவு. மாமியார் அன்னா 1890-இல் போனார். மாமனார் 1892-இல். பெற்ற ஒரே குழந்தை ஒரு வயது நிறையுமுன்பே இறந்தது. கிருபாபாய்க்குக் காசநோய் என்று மருத்துவர்கள் உறுதிசெய்துவிட்டார்கள். ஆனந்திபாயைக் கொண்டுபோன அதே நோய். இந்த நிலையில்தான் அவர் இரண்டாவது நாவல் ‘கமலா’வை எழுதி முடித்தார்: நாசிக் பக்கத்துப் பிராமணப் பெண், ஏட்டறிவு உள்ள தகப்பனுக்குப் பிறந்து, பாலிய மணத்தில் சிக்கி, விதவையாகி, கையில் உள்ள சொத்தை ஆதரவற்ற பெண்களுக்குச் செலவிடுகிறவள். 1894 ஆகஸ்டில், 32 வயதில், சென்னையில் கிருபாபாய் மறைந்தார்.

இனி சகுணாவைத் தூக்கிக்கொண்டு போக அதை எழுதியவர் இல்லை. பிறர் கையில்தான் போக வேண்டும்.

முதல் கை கணவருடையது. சென்னையில் ஸ்ரீநிவாச வரதாச்சாரி கம்பெனி மூலம் மனைவியின் எழுத்துகளைச் சாமுவேல் வரிசையாகக் கொண்டுவந்தார்: 1894-இல் ‘கமலா’, 1895-இல் ‘சகுணா’, 1896-இல் சிறு எழுத்துகளின் தொகுப்பு. இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று புத்தகங்கள். துக்கத்தில் இருந்த மனிதர் செய்த வேலை இது. இதை அவர் செய்யாதிருந்தால், கல்லூரி இதழின் பழைய தொகுதிகளுக்குள் கதை புதைந்தே போயிருக்கும். அந்தக் காலத்தில் தொடராக வந்த எத்தனையோ கதைகளுக்கு அதுதான் கதி. நம் அ. மாதவையா 1892-இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடங்கிய ‘சாவித்திரி சரித்திரம்’ பாதியிலேயே நின்று, பல வருஷம் கழித்து ‘முத்துமீனாட்சி’யாக வேறு பெயரில்தான் நூலானது. அதுவும் ஒரு பெண்ணின் படிப்பும் வாழ்வும் பற்றிய கதையே.

‘சகுணா: உள்நாட்டுக் கிறிஸ்தவ வாழ்வின் கதை’ என்ற பொருளில் ஆங்கிலத் துணைத்தலைப்பு போட்டிருந்தது. ‘கமலா’வுக்கு இந்து வாழ்வின் கதை, ‘சகுணா’வுக்குக் கிறிஸ்தவ வாழ்வின் கதை. ஒரு ஜோடிபோல வைக்க வசதியாக இருந்திருக்கும். ஆனால் அந்தத் தலைப்பைப் பார்த்து வாங்குபவர் எதிர்பார்ப்பது ஒரு சமூகத்தின் படப்பிடிப்பை. உள்ளே இருப்பது ஒரு பெண்ணின் பிடிவாதம். கிருபாபாயின் வாழ்க்கைக் குறிப்பை எழுதியவர் திருமதி எச். பி. கிரிக், சென்னை மாகாணக் கல்வித்துறை இயக்குநராக இருந்தவரின் மனைவி. அன்போடு எழுதியிருக்கிறார், நமக்கு இன்று தெரிந்த பல விவரங்கள் அவர் பதிந்துவைத்தவை. ஆனாலும் ஓர் ஆங்கிலச் சீமாட்டி கைபிடித்து அழைத்துவந்து அறிமுகப்படுத்தும் தோரணை அதில் வந்துவிடுகிறது. இதே தோரணையோடுதான் நாவல் நெடுக சகுணா சண்டை போடுகிறாள்.

புத்தகம் கப்பலேறியது. விக்டோரியா மகாராணி சகுணாவைப் படித்துவிட்டு, இவர் எழுதிய மற்றவற்றையும் கேட்டனுப்பினார் என்ற செய்தி கிருபாபாயைப் பற்றிய எழுத்துகளில் தொடர்ந்து வருகிறது. அந்தக் காலத்தில் ஒரு புத்தகத்துக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு இல்லை. இங்கிலாந்தில் படிக்க முடியாமல் போன பெண்ணின் புத்தகம் இங்கிலாந்தின் அரண்மனைக்குப் போயிற்று.

இரண்டாவது கை எதிர்பாராதது. சாமுவேல் மறுமணம் செய்துகொண்ட கமலா ராஜமுந்திரிப் பக்கத்தவர், பி.ஏ. படித்தவர். முதல் மனைவியின் நிழல் விழுந்த வீட்டுக்கு வந்த இந்தப் பெண், அந்த நிழலை விரட்டவில்லை, வேலையைத் தொடர்ந்தார். 1898-இல் கணவரோடு சேர்ந்து இந்தியக் கிறிஸ்தவ வாழ்வைப் பற்றிய கதைத் தொகுப்பு வெளியிட்டார். 1901-இல் சென்னையிலிருந்து பெண்களுக்காகவே ஓர் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார்: ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’. சரோஜினி நாயுடு அதில் எழுதினார். 1905-இல் வங்காளத்திலிருந்து பேகம் ரொக்கையா எழுதி அனுப்பிய ‘சுல்தானாவின் கனவு’ முதன்முதலில் அச்சேறியது இந்தச் சென்னை இதழில்தான். ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் பல்கலைக்கழகமும் ஆட்சியும் நடத்தும் தேசத்தைப் பற்றிய கதை.

1887-இல் ஒரு பெண் தன் படிப்பின் கதையைச் சொல்ல ஆண்களின் கல்லூரி இதழில் இடம் கேட்க வேண்டியிருந்தது. பதினெட்டு வருஷத்தில் அதே குடும்பத்துப் பெண் ஒருவர் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு மாகாணத்துப் பெண்ணுக்கு இடம் கொடுக்கிறார். சகுணாவின் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிவிடுவது எனக்கு வருத்தம். ஒரு புத்தகம் எங்கே போயிற்று என்று கேட்டால் அதன் பிரதிகள் போன இடத்தை மட்டும் பார்க்கிறோம். அது உட்கார்ந்திருந்த வீட்டில் அடுத்து என்ன நடந்தது என்பதும் அந்தப் பயணம்தான். சாமுவேல் 1906-இல் ஜப்பானில் இறந்தார். கமலா இரு குழந்தைகளை வைத்துக்கொண்டு சம்பாதித்து, இதழையும் நடத்தினார். மகள் பத்மினி சென்குப்தா 1956-இல் தாயின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஒருவர் கதையை ஒருவர் எழுதிவைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஆனால் சகுணா மெல்ல அலமாரிக்குள் போயிற்று. காரணம் தேட வேண்டியதில்லை. விடுதலைப் போராட்ட காலத்தில் ஆங்கிலத்தில் எழுதிய கிறிஸ்தவப் பெண்ணின் நாவலை யார் தேடிப் படிப்பார்கள்? தேசியவாதிகளுக்கு அது மிஷன் சரக்கு. மிஷனுக்கு அதில் வெள்ளைக்காரப் பெண்களோடு சண்டை அதிகம். மராட்டியருக்கு அது சென்னையில் வந்த புத்தகம். தமிழருக்கு மராட்டியக் கதை. இரண்டு பேருக்கும் அது ஆங்கிலம். இந்திய ஆங்கில நாவல் என்றாலே முல்க் ராஜ் ஆனந்த், ஆர். கே. நாராயண், ராஜா ராவ் என்று 1930-களிலிருந்து பாடம் நடத்திப் பழகிவிட்டோம். அதற்கு முன்னால் எழுதிய பெண்கள் அடிக்குறிப்பில் ஒரு வரி.

அலமாரியைத் திறந்தவர்கள் பெண்களே. ஹைதராபாத்தில் சூசி தாருவும் கே. லலிதாவும் பெரும் உழைப்பில் தொகுத்த, இந்தியப் பெண்களின் எழுத்துத் திரட்டு 1991-இல் வந்தது. புத்த பிக்குணிகளின் பாடலில் தொடங்கும் முதல் தொகுதியில் கிருபாபாய்க்கும் இடம் இருந்தது. பிறகு 1998-இல், கொழும்பில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பேராசிரியராகவும் நாவலாசிரியராகவும் இருந்த சாந்தனி லொகுகே, சகுணாவையும் கமலாவையும் பதிப்பித்தார். டெல்லி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. ஏறத்தாழ நூறு வருஷத்துக்குப் பிறகு முழு நாவல் கடைக்கு வந்தது. 2005-இல் யூனிஸ் டி சூசா சத்தியநாதன் குடும்பத்தின் எழுத்துகளைத் தொகுத்துச் சாகித்திய அகாதெமி வழியாகக் கொண்டுவந்தார். அன்னா, சாமுவேல், கிருபாபாய், கமலா என்று முழு வீட்டையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது அப்போதுதான்.

1998 பதிப்பின் அட்டையில் துணைத்தலைப்பு மாறிவிட்டது. கிறிஸ்தவ வாழ்வின் கதை போய், இந்தியப் பெண் எழுதிய முதல் ஆங்கிலத் தன்வரலாற்று நாவல் என்று வந்தது. ஆராய்ச்சியாளருக்கு இது உதவி. புத்தகம் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைய இந்த ‘முதல்’ வழிசெய்தது. ஆனால் ‘முதல்’ என்ற பட்டம் ஒரு புத்தகத்தைப் படிக்காமலே மதிக்கவும் வைத்துவிடும். தேர்வுக்கு ஒரு மதிப்பெண் கேள்வி: முதல் நாவல் எது, ஆண்டு எது. சகுணா அதற்கு மேல் தகுதியுள்ளவள்.

இன்று அதைப் படிக்கும் பலர் முடிவில் தடுமாறுகிறார்கள். மருத்துவம் படிக்கப் போராடிய பெண், உடம்பு கெட்டு வீடு திரும்பி, இங்கிலாந்து போய்வந்த படித்த இளைஞரைப் பார்க்கிறாள்; கல்யாணத்தில் கதை முடிகிறது. விடுதலை தேடிப் புறப்பட்டவள் கடைசியில் தாலியில் வந்து நின்றாளே என்ற ஏமாற்றம். நியாயமான ஏமாற்றம்தான், கடைசிப் பகுதி கைவிட்டு ஓடுவதுபோல அவசரமாகவும் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் மாமியார் பள்ளி நடத்தினார், கல்யாணமான பெண் ஊட்டியில் பள்ளி திறந்தார், எழுதினார், பெண்கள் சம்பாதிக்க வேண்டும் என்று கட்டுரையில் வாதாடினார் என்பது நமக்குத் தெரியும். நாவலின் கடைசிப் பக்கத்தில் அடைபடுவதாகத் தோன்றும் கதவு கிருபாபாயின் வாழ்க்கையில் அடைபடவில்லை. மேலும், அதற்கு முன்பு சகுணா ஒரு வரனை வேண்டாம் என்று சொல்கிறாள். 1887-இல் ஒரு பெண் தன் கதையில் தானே ‘மாட்டேன்’ என்று சொல்வதை, அதே ஆண்டு ருக்மாபாய்க்கு நீதிமன்றம் சொன்னதோடு பக்கத்தில் வைத்துப் படித்தால், அந்தச் சொல்லின் எடை புரியும்.

கிருபாபாய் எழுத்தின் குறைகளை நான் மூடிமறைக்க விரும்பவில்லை. இயற்கை வர்ணனை சில இடங்களில் விக்டோரியக் காலத்து ஆங்கிலப் பாடப்புத்தகத்தை ஞாபகப்படுத்தும். இந்துச் சடங்குகளைப் பற்றிப் பேசும்போது மிஷன் பள்ளியில் கேட்ட குரல் உள்ளே புகுந்துவிடும். பிராமணக் குடும்பம் என்ற பெருமிதம் கிறிஸ்தவரான பின்னும் முழுதாக விலகவில்லை. வேலைக்காரர்களும் மற்ற சாதியாரும் கதையில் ஓரமாகவே நிற்கிறார்கள். அகமத்நகர்ப் பக்கம் மகர், மாங் பெண்களும் அதே காலத்தில் மிஷன் பள்ளிகளுக்குப் போனார்கள். பூலே தம்பதியரின் புனாப் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சிறுமி 1855-இலேயே தன் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதி அச்சேற்றியிருக்கிறார். சகுணாவைப் படிக்கிறவர்கள் முக்தாவையும் தேடிப் படிக்க வேண்டும். ஒரே நிலப்பகுதியில் இரண்டு பெண்கள் படிப்புக்காக ஏங்கியது ஒன்றுபோல இருக்கவில்லை.

சகுணா காப்புரிமை எப்போதோ முடிந்த நூல். இன்றைய தமிழில் அதைக் கொண்டுவர யாராவது உட்கார்ந்தால், அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. கதைக்குச் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று ராதாவின் அத்தியாயங்களைச் சுருக்கிவிடாதீர்கள். அம்மா எதையெல்லாம் விட்டு வந்தாள் என்று தெரிந்தால்தான், மகள் கையிலிருக்கும் புத்தகத்தைப் பார்த்து அவள் ஏன் அப்படிப் பயப்படுகிறாள் என்பதும், அந்தப் பயத்தைத் தாண்டிப் போக மகளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதும் விளங்கும்.